குளிர்கடலில் மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் உடலைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

அந்தமானில் ஸ்வராஜ் தீவைச் சுற்றியுள்ள கடல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். கர்நாடகக் கரையில் முருடேஸ்வரத்துக்கு அப்பால் உள்ள நேத்ராணித் தீவும், மகாராஷ்டிரத்தின் தார்க்கர்லியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மும்பையில் வாழும் தமிழர்களில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஓரிடத்தில்தான் முதன்முதலாகக் கடலுக்கு அடியில் மூச்சு விட்டிருப்பார்கள். மெல்லிய ரப்பர் நுரையாலான வெட் சூட் ஒன்றை மாட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் பவளப்பாறைகளுக்கு நடுவே மிதந்துவிட்டு, குளிர் என்ற ஒன்றை நினைத்தே பார்க்காமல் மேலே வந்திருப்பார்கள். அந்த அனுபவத்தை மட்டும் நம்பி, 8 அல்லது 10 டிகிரி நீரில் கிடக்கும் ஒரு பழைய நீராவிக் கப்பலைப் பார்க்கப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டு, மருத்துவத் தகுதிச் சான்றிதழுக்காக என்னிடம் வருபவர்கள் சில ஆண்டுகளாக அதிகமாகிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் எழுதப்படுவது.

நான் மும்பை செம்பூரில் நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். டைவிங் மருத்துவத்திலும் பயிற்சி பெற்றிருக்கிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில், கோடை விடுமுறைப் பயணங்கள் முடிவாகும் சமயத்தில், பாந்த்ரா குர்லா வளாகத்து வங்கிகளிலும் பவாயின் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் படிவத்தோடு வருவார்கள். அலுவலக வேலையாகப் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ போகிறவர்கள் வாரக் கடைசியில் ஒரு டைவ் செய்துவிட்டு வரலாம் என்று எண்ணுவது இயல்புதான். "நிறைய டைவ் பண்ணியாச்சு டாக்டர், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்பார்கள். அந்தப் படிவம் இதயம், நுரையீரல், காது, வலிப்பு, சர்க்கரை என்று எல்லாவற்றையும் கேட்கிறது. போகப்போகிற கடல் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

கப்பல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நீராவிக் கப்பல்கள் டைவர்களை ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. மரமும் மெல்லிய தகடுகளும் கரைந்து, பக்கச் சுவர்கள் சரிந்து விழுந்த பிறகும், அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே தடித்த எஃகில் செய்யப்பட்ட கொதிகலன்கள் அப்படியே நிற்கும். அவற்றுக்குப் பின்னால் எஞ்சினும், அதிலிருந்து சுழல்விசிறி வரை ஓடும் நீண்ட தண்டும் தெரியும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், விட்சண்ட் விரிகுடாவில் கிடக்கும் ஜேம்ஸ் ஈகன் லேன் 1945 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையான அமெரிக்கச் சரக்குக் கப்பல். 20 மீட்டரைச் சற்றே தாண்டிய ஆழம்தான் என்பதால் ஏராளமானவர்கள் அங்கே இறங்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்கில், மல் நீரிணையில் 1935-இல் மூழ்கிய ரோண்டோ பாறைச் சரிவில் முன்பகுதி கீழாகக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கிறது. மேல்முனையைப் பத்து மீட்டருக்குள்ளேயே தொட்டுவிடலாம், கீழ்முனை 50 மீட்டருக்கு அருகில் இருக்கிறது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் கிடக்கும் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்தோ வேறு தரத்தில் வைத்துப் பேச வேண்டியது. 1914 மே 29 அதிகாலை, மூடுபனியில் நார்வே நாட்டு நிலக்கரிக் கப்பல் மோதி, 14 நிமிடங்களில் மூழ்கிய பயணிகள் கப்பல் அது. 1,012 பேர் மாண்டார்கள். சுமார் 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அதைச் சுற்றியுள்ள நீர் நடுக்கோடையிலும் சில டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அதே ஆண்டு மீட்புப் பணிக்கு இறங்கிய டைவர் ஒருவர் அங்கே இறந்தார்; பிற்காலத்தில் பொழுதுபோக்குக்காக இறங்கியவர்களிலும் பலர் திரும்பவில்லை.

இப்படிப்பட்ட இடங்கள் கல்லறைகளும்கூட. 1947 ஜூலை 17 அன்று ரேவஸுக்குப் புறப்பட்ட ராமதாஸ் என்ற நீராவிக் கப்பல் மும்பைக்கு அருகிலேயே மூழ்கி 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதை இந்த ஊரின் பழைய குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. எந்தச் சிதைவிலிருந்தும் ஒரு பித்தளைத் துண்டைக்கூட எடுத்து வர வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்வது அந்த மரியாதையினால்தான். பிரிட்டனில் அப்படி எடுத்ததை 28 நாட்களுக்குள் அரசு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமாகவும் இருக்கிறது.

இனி உடலுக்கு வருவோம். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. குளிர் என்றவுடன் எல்லாரும் உடல் விறைத்துப்போவதை நினைக்கிறார்கள். 35 டிகிரிக்குக் கீழே உடலின் உள்வெப்பம் இறங்குவதற்கு, ஓரளவு நல்ல உடை அணிந்த ஒருவருக்கு, நிறைய நேரம் ஆகும். அதற்கு வெகு முன்னதாகவே குளிர் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நீர் தோலில் பட்ட முதல் அரை நிமிடத்தில் தன்னை அறியாமல் மூச்சு உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மூச்சு வேகமாக, கட்டுப்பாடில்லாமல் ஓடும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். அதே சமயத்தில் முகத்தில் படும் குளிர்நீர் இதயத்தை மெதுவாக்கச் சொல்லி வேறொரு நரம்பின் வழியாக ஆணையிடும். ஒன்று விரட்ட, மற்றொன்று இழுத்துப் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட இதயம் தாளம் தப்புவது உண்டு. இளம் வயதினருக்கு இது பெரும்பாலும் தெரியாமலே கடந்துவிடும். இரத்தக் குழாயில் அடைப்புத் தொடங்கியிருக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அப்படிக் கடந்துவிடும் என்று என்னால் உறுதி கூற முடியாது. அதனால்தான் அந்த வயதைத் தாண்டியவர்களிடம் ட்ரெட்மில் பரிசோதனை கேட்கிறேன். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எளிய வழியும் இருக்கிறது. படகிலிருந்து குதித்த உடனே கீழே போய்விடாதீர்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் நனைத்து, மூச்சு தானாகச் சீராகும்வரை மேலேயே காத்திருங்கள். உடன் வந்தவர்கள் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

அடுத்து கைகள். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம் என்பதால், இதயக் கோளாறோ குளிரில் விரல் வெளுக்கும் தொல்லையோ இல்லாதவர்களுக்குக் கிளினிக்கிலேயே செய்து காட்டுகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, வெப்பமானி 10 டிகிரி காட்டும்வரை கலக்கி, அதில் மணிக்கட்டுக்கு மேல் வரை கையை வைக்கச் சொல்வேன். முதல் நிமிடம் வலிக்கும். பிறகு வலி மங்கி, "இப்ப பழகிடுச்சு டாக்டர்" என்பார்கள். சில நிமிடங்கள் கழித்துக் கையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, டைவர்கள் விளக்கையும் உருளையையும் மாட்டப் பயன்படுத்தும் பித்தளைக் கொக்கி ஒன்றை வளையத்தில் மாட்டச் சொல்வேன். கட்டை விரல் கொக்கியின் சிறு குமிழைத் தேடும். அதன்மேல் படும், ஆனால் பட்டது தெரியாது. அழுத்துவதாக நினைத்துக்கொண்டு பக்கத்துத் தகட்டை அழுத்தும். கொக்கி மேசைமேல் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் கையில் அது இல்லை என்பதே தெரியவரும். கைத்தோலின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே போகும்போது நுண்ணிய வேலைகள் எல்லாருக்குமே இப்படித் தடுமாறும். மன உறுதியால் அதை மாற்ற முடியாது. கடலடியில் அதே விரல்கள் தடித்த கையுறைக்குள் இருந்துகொண்டு மிதவைச் சட்டையில் காற்று நிரப்பும் பொத்தானை அழுத்த வேண்டும், மீன்வலையில் சிக்கிய காலை விடுவிக்க வேண்டும், வழிகாட்டும் நூலைச் சுற்ற வேண்டும். வாளிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள் அதற்குப் பிறகு கையெழுத்துக்காக அவசரப்படுவதில்லை.

நான் மிகவும் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. குளிர்நீரில் மூழ்கியிருக்கும்போது நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. இது கடல்நீரைக் குடித்ததால் வருவதன்று. உடலின் சொந்த நீர் இரத்தக் குழாய்களிலிருந்து மூச்சுப் பைகளுக்குள் கசிவது. கழுத்துவரை நீரில் இறங்கியவுடனேயே கை கால்களில் இருந்த இரத்தத்தில் அரை லிட்டருக்கும் மேல் மார்புக்குள் தள்ளப்படுகிறது. குளிர் தோலின் குழாய்களைச் சுருக்குவதால் இன்னும் கொஞ்சம் உள்ளே வருகிறது; சுருங்கிய குழாய்களுக்கு எதிராக இதயம் அதிக அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இறுக்கமான உடையும், எதிர்நீரோட்டத்தில் கால் உதைத்து நீந்தும் உழைப்பும் சேர்ந்தால், நுரையீரலின் நுண்குழாய்கள் தாங்காமல் கசியத் தொடங்குகின்றன. குளிர்நீர் டைவர்களிடம் கண்ட இந்த நிலையை 1989-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் லான்செட் இதழில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம் வந்தது என்பதையும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆனாலும் இதைக் கேள்விப்பட்ட டைவர்களை நான் இங்கே அரிதாகவே சந்திக்கிறேன்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லியான உடல்வாகு, தினமும் நடப்பவர். ஸ்காட்லாந்தில் ஒரு சரக்குக் கப்பலின் சிதைவுக்கு இறங்கினார். கொதிகலன்களை எட்டும் முன்பே மூச்சு போதவில்லை என்ற உணர்வு வந்தது. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் கோளாறு என்று எண்ணி மாற்று ரெகுலேட்டருக்கு மாறினார். அதிலும் அப்படியே இருந்தது. மேலே வர வர மூச்சிரைப்பு குறையாமல் கூடியது. படகில் ஏறியபோது இருமலும், நெஞ்சில் கொழகொழவென்ற சத்தமும் இருந்தன. அவர் பயந்துவிட்டார் என்று வழிகாட்டி நினைத்தார், தண்ணீர் குடித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். படுக்கவைத்தார்கள், படுத்தால் இன்னும் மோசமாக இருந்ததால் தானாகவே எழுந்து உட்கார்ந்துகொண்டார். அப்படி எழுந்து உட்கார்ந்ததுதான் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். மறுநாள் எல்லாம் சரியாகிவிட்டது. மும்பை திரும்பிய பிறகு, மெட்ரோ கட்டுமானத் தூசியால் ஒவ்வாமை வந்துவிட்டதோ என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில்தான் இந்தச் சம்பவம் வெளிவந்தது. அவருடைய இரத்த அழுத்தம் அன்று உயர்வாக இருந்தது.

படிவத்தில் இரத்த அழுத்தம் என்ற இடத்தில் அவர் 'இல்லை' என்று குறித்திருந்தார். "தினமும் காலையில மாத்திரை போடறாரே டாக்டர்" என்று சொன்னவர் உடன் வந்திருந்த அவருடைய மனைவி. மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருப்பதால் நோய் இல்லை என்பது கணவருடைய கணக்கு. இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். படித்தவர்கள், பொறுப்பான வேலையில் இருப்பவர்கள், வீட்டில் பெற்றோரின் மருந்துகளை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவர்கள் இதைச் செய்கிறார்கள். மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் 'ஆம்' என்றுதான் குறிக்க வேண்டும். அதனால் உங்களுக்கு அனுமதி கிடைக்காது என்று பொருளில்லை. எந்த மாத்திரை, இதயச் சுவர் தடித்திருக்கிறதா, குளிர்நீருக்குப் பொருந்துமா என்று ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பொருள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளை உட்கொள்பவர்களைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பயணத்துக்கு முன் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது இன்னும் பெரிய ஆபத்து.

ஆகவே, நீருக்கடியில் காரணமில்லாமல் மூச்சிரைத்தாலோ, இருமல் வந்தாலோ, வாயில் நுரையோ இளஞ்சிவப்பான சளியோ தெரிந்தாலோ, டைவை அந்த நொடியே முடித்துக்கொண்டு, கட்டுப்பாடான வேகத்தில் மேலே வாருங்கள். நீரைவிட்டு வெளியேறுவதே முதல் மருத்துவம். படகில் நிமிர்ந்து உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். குடிக்க நிறையத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, சுவாசித்த காற்றிலிருந்து உடலில் சேர்ந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வரும் டீகம்ப்ரஷன் நோயில் முதலுதவி இதற்கு நேர்மாறு. அங்கே படுக்கவைத்து, ஆக்சிஜனோடு நீரும் கொடுப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்லெண்ணத்தோடு செய்த உதவியே கெடுதலாகிவிடும். ஒரு முறை இப்படி வந்தவர்களுக்கு மறுமுறையும் வரலாம் என்பதால், இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் முழுமையாகப் பரிசோதிக்காமல் மறுபடி இறங்கக் கூடாது. மேற்சொன்னவருக்கு நான் குளிர்நீர் டைவிங்குக்கு அனுமதி தரவில்லை. வருத்தப்பட்டார். ஆனாலும் ஏற்றுக்கொண்டார்.

ஆஸ்துமாவைப் பற்றிச் சில வரிகள். சிலிண்டரில் அடைக்கும் காற்று ஈரமே இல்லாதது. அழுத்தம் குறைந்து வெளிவரும்போது அது கடல்நீரைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. 30 மீட்டரில் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு அடர்த்தியாக இருக்கிறது. மும்பையின் ஈரக்காற்றில் வருடக்கணக்காக இன்ஹேலரைத் தொடாதவரின் மூச்சுக்குழாய்கூட அந்தக் காற்றுக்குச் சுருங்கக்கூடும். மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை இல்லாமல் இப்படிப்பட்டவர்களுக்கு நான் கையெழுத்திடுவதில்லை.

உடலைப் போலவே கருவியும் குளிருக்கு ஆட்படுகிறது. 200 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கில், இருக்கும் காற்று ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் முதல் நிலையில் திடீரென விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீர் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்தக் குளிர்ச்சியை நீரே போக்கிவிடும். அதற்குக் கீழே போனால் வால்வில் பனி படிந்து, அது திறந்த நிலையிலேயே இறுகிவிடலாம். அப்போது காற்று நிற்காமல் கொட்டும். 30 மீட்டரில் ஒரு சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். ஐரோப்பியத் தரவிதிப்படி, குளிர்நீர்ச் சோதனையில் தேறாத ரெகுலேட்டரின்மேல் 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்று பொருள்படும் குறி இருக்கும். இங்கே வாங்கிய ரெகுலேட்டரைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவதற்கு முன் அந்தக் குறியைத் தேடிப் பாருங்கள். அங்கேயே வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், குளிர்நீருக்கென்று மூடப்பட்ட முதல் நிலை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு தனித்தனி வால்வுகளில் இரண்டு ரெகுலேட்டர்கள் இருந்தால் உறைந்ததை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம். படகின் மேலே, உறையும் காற்றில் நின்றுகொண்டு ரெகுலேட்டரைச் சோதிக்க நீண்ட மூச்சுகள் இழுக்க வேண்டாம். பனி அங்கேயே தொடங்கிவிடும்.

வெட் சூட்டின் நுரைப்பஞ்சு ஆழத்தில் நசுங்கி மெலிந்து, மிகவும் தேவைப்படும் இடத்தில் குளிரைத் தடுக்காமல் போய்விடும் என்பதால், குளிர்கடலில் ட்ரை சூட் அணிகிறார்கள். அது நீர் புகாத, உள்ளே காற்றை வைத்துக்கொள்ளும் உடை. ஆகவே அது இன்னொரு பலூனும் ஆகிவிடுகிறது. தலை கீழாகச் சாய்ந்தால் காற்று கால்களுக்குப் போய், காலை மேலே தூக்கி, கட்டுப்பாடின்றி மேற்பரப்புக்கு எறிந்துவிடும். இதைக் கையாள ஒரு நாள் பயிற்சி போதாது. இங்கிலாந்துக்குப் போகிறவர்களிடம், லெஸ்டர்ஷயரில் நீர் நிரம்பிய பழைய கல்குவாரியான ஸ்டோனி கோவ் போன்ற இடத்தில், பயிற்றுநரோடு சில டைவ்களைச் செய்து முடித்த பிறகே கப்பலை நினைக்கச் சொல்கிறேன். கப்பல் இன்னும் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும்.

கப்பலின் உள்ளே நுழைவது வேறு பயிற்சி, வேறு தகுதி. அதற்கான பயிற்சி இல்லாதவர்கள் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களும் குளிரை வைத்துத் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. மூன்றில் ஒரு பங்கை உள்ளே போவதற்கும், ஒரு பங்கைத் திரும்புவதற்கும், ஒரு பங்கை ஆபத்துக்கும் என்று ஒதுக்குவது வழக்கம்; ஆக, உள்ளே போக 800 லிட்டர். நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் 30 மீட்டரில் 80 லிட்டர் செலவழிப்பார்; பத்து நிமிடம் உள்ளே போகலாம். அதே ஆள் குளிரில் நடுங்கி, 30 லிட்டராக மூச்சு விட்டால், ஆழத்தில் அது 120 லிட்டர். ஏழு நிமிடத்துக்குள் திரும்பியாக வேண்டும். அந்தமானில் போட்ட கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிமிடம் போய்விட்டிருப்பார். அதற்குள் அவருடைய மூச்சுக் குமிழிகளே மேற்கூரையின் துருவை உதிர்த்திருக்கும். ஒரு கால் உதைப்பில் நூறாண்டு வண்டல் கிளம்பி, விளக்கு இருந்தும் கையைப் பார்க்க முடியாதபடி ஆகியிருக்கும். 30 மீட்டரைத் தாண்டும்போது தலைகாட்டும் நைட்ரஜன் மயக்கமும் அங்கே இருக்கும்; அந்த மயக்கத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும் என்பதுதான் அதன் குணம்.

முத்துக்குளிக்க இறங்குகிறவர் தன் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார் என்று தூத்துக்குடிப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அக்காவின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் அவர் பிடி தளரமாட்டார். உங்களோடு இறங்குகிறவர் முன்பின் தெரியாத ஒருவராக இருந்தாலும், நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த அறிகுறியில் டைவை நிறுத்துவீர்கள் என்பதைப் படகிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மேலே வரும்போது குளிர் இன்னொரு முறை குறுக்கிடுகிறது. கீழே உழைத்துச் சூடாக இருக்கும்போது தசைகளுக்கு நிறைய இரத்தம் போய் நைட்ரஜன் சேர்கிறது; மேலே வரும் வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது குளிர்ந்து குழாய்கள் சுருங்கிவிடுவதால், சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வழியில்லாமல் போகிறது. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் ஆய்வுப் பிரிவு 2007-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளும், கீழே சூடும் மேலே குளிரும் இருப்பதே மிகவும் கெட்ட சேர்க்கை என்று காட்டின. கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை நீங்கள் நடுங்குவதை அறியமாட்டா. எனவே அது காட்டும் எல்லைவரை போகாமல் முன்கூட்டியே திரும்புங்கள். குளிரில் சிறுநீர் அதிகமாகப் பிரிவதால் உடலில் நீர் குறையும். ட்ரை சூட்டைக் கழற்றச் சோம்பி முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது, குறிப்பாகப் பெண்கள் பலர் செய்வது, நோயை வரவழைக்கும். சாதாரணமாகத் தாகம் தீரும் அளவுக்குக் குடித்தால் போதும். மொத்தமாகக் குடித்துவிட்டு இறங்குவதும் நுரையீரலுக்கு நல்லதன்று. கரையேறியவுடன் கொதிக்கும் நீரில் குளிப்பதைச் சிறிது நேரம் தள்ளிப்போடுங்கள். உலர்ந்த உடையும் போர்வையும் முதலில் போதும்.

கடைசியாக, ஊர் திரும்புதல். ஞாயிறு காலையில் டைவ் செய்துவிட்டு இரவு விமானத்தைப் பிடித்துத் திங்கள் மதியம் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமமாகலாம். உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகும். ஒரே ஒரு எளிய டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பிறகு 18 மணி நேரம், படிப்படியாக நின்று மேலே வர வேண்டியிருந்த டைவ்களுக்குப் பிறகு அதைவிடக் கணிசமான நேரம் என்பது பொதுவான பரிந்துரை. குளிர்கடலில் நாள்தோறும் டைவ் செய்தவர்களுக்கு நான் முழுதாக ஒரு நாள் இடைவெளி சொல்கிறேன்.

மும்பை சஹார் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு தோளிலோ முழங்காலிலோ இனம்புரியாத வலி, தோலில் பளிங்குபோன்ற திட்டுகள், கை கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிக்கச் சிரமம், காரணமில்லாத பெரும் அயர்ச்சி ஆகியவற்றில் எது வந்தாலும், பெட்டி தூக்கியதால் வந்த சுளுக்கு என்று வலிநிவாரணி போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இந்த நகரத்தின் அவசரப் பிரிவு மருத்துவர்கள் விபத்தையும் மாரடைப்பையும் தினமும் பார்ப்பவர்கள். டீகம்ப்ரஷன் நோயை வருடக்கணக்கில் ஒரு முறைகூடப் பார்க்காமல் இருக்கலாம். ஆகவே, வலியைச் சொல்வதற்கு முன்பாகவே, இந்த வாரம் டைவ் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். முகமூடி வழியாக நூறு சதவீத ஆக்சிஜனை உடனே தொடங்கச் சொல்லுங்கள். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழிகளைச் சுருக்கும் அழுத்த அறைச் சிகிச்சைக்கு எங்கே அனுப்பலாம் என்று அப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். கொலாபாவில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி கடற்படை மருத்துவமனையோடு இணைந்த கடற்படை மருத்துவ நிறுவனம் இத்துறைக்கான மையம். அழுத்த அறை உள்ள தனியார் மருத்துவமனைகளும் நகரத்தில் உள்ளன. டைவ் கம்ப்யூட்டரில் பதிவானதை அழிக்காமல் கையோடு கொண்டு வாருங்கள். எத்தனை மீட்டரில், எத்தனை நிமிடம், எத்தனை டிகிரியில் இருந்தீர்கள், எவ்வளவு வேகத்தில் மேலே வந்தீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அதிலிருந்தே படித்துக்கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.